முதல் தனிப் பயணம், வியட்நாம் 11 நாள்: டிக்கெட் போட்டாச்சு, வயிற்றைக் கலக்குது

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மார்ச் முதல் வாரம் ஹனோய், அங்கிருந்து நின் பின், ஹுயே, ஹோய் ஆன், கடைசியில் சைகோன். மொத்தம் 11 நாள். பெண், வயது 29, தனியாக, சுத்த சைவம். வெளிநாட்டுக்கு இதுதான் முதல் தடவை. சென்னை–கோலாலம்பூர்–ஹனோய் டிக்கெட் வாங்கியாகிவிட்டது, 5ஆம் தேதி அதிகாலை 12.20க்கு இறங்குகிறது. 5ஆம் தேதியிலிருந்து பழைய நகரப் பகுதியில் அறை போட்டிருக்கிறேன். விசா இன்னும் எடுக்கவில்லை.

ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. என்ன பயம் என்று கேட்டால் ஒன்றைப் பிடித்துச் சொல்ல முடியவில்லை, எல்லாம் சேர்ந்து வருகிறது. "தைரியமா போயிட்டு வாங்க" என்று வீட்டிலும் ஆபீசிலும் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். இங்கே விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்யணும், எந்த வரிசையில் செய்யணும் என்று சொன்னால் போதும்.

தெற்குச்சீமை:
முதலில் அவசரமானது. 5ஆம் தேதி 12.20 என்றால் அது 4ஆம் தேதி ராத்திரி. நீங்கள் போட்டிருக்கும் அறை 5ஆம் தேதி பகல் 2 மணிக்குத்தான் உங்களுடையது. குடியேற்ற வரிசை, பெட்டி, வண்டி எல்லாம் முடிந்து ஹோட்டல் வாசலில் நிற்கும்போது மணி இரண்டு ஆகியிருக்கும். அறை கிடையாது. 4ஆம் தேதி இரவையும் சேர்த்து இன்றைக்கே பதிவை மாற்றுங்கள். முதல் பயணத்தில் மிக அதிகமாக நடக்கும் தப்பு இது, அதுவும் பெண் தனியாக நடுராத்திரியில் தெருவில் நிற்கும்படி ஆகும் தப்பு.

மாற்றும்போதே ஹோட்டலுக்கு விமான எண்ணையும் வாட்ஸப்பில் அனுப்பி, விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் 86 எண் பஸ் கிடையாது. பழைய நகரத்துச் சின்ன ஹோட்டல்களில் ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, பையன் வரவேற்பறையிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பான். ஆள் வருவது தெரிந்தால்தான் மணி அடித்ததும் எழுந்திருப்பான். நொய் பாய் விமான நிலையம் ஊரிலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஹோட்டல் வண்டிக்கு மூன்று நாலு லட்சம் டாங் கேட்பார்கள், நம் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். போனிலேயே வாடகை வண்டி கூப்பிடும் கிராப் ஆப்பில் இதைவிடக் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் பரவாயில்லை, முதல் ராத்திரி மட்டும் பெயர்ப் பலகையோடு ஒரு ஆள் நிற்கட்டும்.

இப்போது அந்த "எல்லாம் சேர்ந்து வருகிறது" என்பதற்கு வருகிறேன். ஒரு தாளை எடுத்து, பயங்களைக் கேள்விகளாக எழுதுங்கள். "பாஷை தெரியாது" என்று எழுதினால் அதை ஒன்றும் செய்ய முடியாது. "ஹோட்டல் முகவரியை டிரைவருக்கு எப்படிக் காட்டுவது?" என்று எழுதினால் பதில் இருக்கிறது: வியட்நாமிய எழுத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட். "தனியாக இருப்பேன்" என்பதற்குப் பதில் கிடையாது, "ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?" என்பதற்கு உண்டு: ஆம்புலன்ஸ் 115, போலீஸ் 113, அதோடு பாலிசியில் இருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண். இப்படி எழுதினால் இருபது இருபத்தைந்து வரும். முக்கால்வாசிக்கு ஒரே மாலையில் பதில் எழுதிவிடலாம். சிலவற்றுக்குக் காசுதான் பதில், இந்த ராத்திரி வண்டி மாதிரி. மிச்சம் நிற்கும் நாலைந்துக்குப் பதிலே கிடையாது, அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று எழுதுங்கள்: "நடுவில் திரும்பி வர வேண்டும் என்றால் எவ்வளவு ஆகும்?" ஹனோயிலிருந்தும் சைகோனிலிருந்தும் சென்னைக்கு மறுநாள் டிக்கெட் என்ன விலை என்று பார்த்து, அந்தத் தொகையைத் தொடாமல் ஒரு கணக்கில் வையுங்கள். அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே அதன் வழியாக ஓடும் எண்ணம் குறையும்.

வைகைக்கரை:
அண்ணா, அறை விஷயம் சுத்தமாக என் கண்ணில் படவில்லை. இப்போதே மாற்றிவிட்டேன், வண்டிக்கும் எழுதியாச்சு. ரொம்ப நன்றி.

விசாவில் ஒரு சந்தேகம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே பெட்டியில் இருக்கிறது.

கிழக்குவாசல்:
நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான், அதற்காகக் கவலை வேண்டாம். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விசா படிவத்தில் வர வேண்டும். காலியாக இருக்கிறதே என்று நீங்களாக அப்பா பெயரைப் பிரித்துக் குடும்பப்பெயர் பெட்டியில் போடாதீர்கள். விமான டிக்கெட்டில் இதற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு, சிலர் ஒரே பெயரை இரண்டு தடவை போடச் சொல்வார்கள். உங்கள் டிக்கெட்டில் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் அவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள்.

மின் விசாவுக்கு அரசாங்கக் கட்டணம் ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறைக்கு 50. உங்களுக்கு 25 போதும். 2023 ஆகஸ்ட் 15லிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் ஏஜென்ட் தளங்கள், பார்க்க அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், இரண்டு மூன்று மடங்கு கேட்கும். முகவரி ஜிஓவி புள்ளி விஎன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டு எண்ணைப் போட வேண்டும்.

தப்பு நடக்கும் இடங்கள் இவை. பாஸ்போர்ட் எண்ணில் சைபரும் ஓ எழுத்தும் மாறுவது. தேதியில் நாளும் மாதமும் மாறுவது. புகைப்படத்தில் கண்ணாடி போட்டிருப்பது. பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுக்கும்போது அந்த அடி இரண்டு வரி வெட்டுப்படுவது. தப்பாகக் கட்டிய பணம் திரும்ப வராது, புதிதாகத்தான் போட வேண்டும். நுழையும் இடம் நொய் பாய் என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். மூன்று வேலை நாள் என்று போட்டிருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் இழுப்பதும் உண்டு. அதனால் மூன்று வாரம் முன்னால் போட்டுவிடுங்கள். வந்த விசாவில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இரண்டு பிரதி காகிதத்தில்.

கோலாலம்பூரில் மாறுவது ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா? தனித்தனி என்றால் பெட்டி ஹனோய் வரை தானாகப் போகாது. மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அங்கே முனையம் இரண்டு, நடுவில் ரயில். நான்கு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி என்றால் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
ஒரே டிக்கெட்தான்.

மருந்துச்சீட்டு:
உடம்பு பற்றி நான் சொல்கிறேன் மா.

தூக்கம் போவது, வயிறு கலங்குவது, படபடப்பு எல்லாம் அட்ரினலின் வேலை. ஆபத்து வரப்போகிறது என்று மூளை நினைத்தால் ரத்தம் கை கால் தசைக்குப் போகும், செரிமானம் கெடும். இது நோய் இல்லை. அடக்க நினைத்தால் கூடும். மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும். இதை வீட்டில் தினமும் பழகினால்தான் விமான நிலைய வரிசையில் கைகொடுக்கும். பெரிய பதற்றம் வந்தாலும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பிக்கும், அது தெரிந்திருந்தாலே பாதி பலம். நெஞ்சுவலி கைக்குப் பரவி வியர்த்துக் கொட்டினால் அது வேறு, உடனே டாக்டர்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் வியட்நாம் ஏமாற்று வீடியோக்களைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தேடுவதற்குப் பகலில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடத் தேட நிம்மதி வருவது போலத் தோன்றும், ஆனால் அடுத்த கேள்வி உடனே முளைக்கும்.

தூக்க மாத்திரை, படபடப்பு மாத்திரை எதையும் தெரிந்தவர் சொன்னார் என்று வாங்க வேண்டாம். ப்ரொப்ரானலால் என்று சாதாரணமாகச் சொல்வார்கள், ஆஸ்துமா இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். டாக்டர் எழுதித் தந்தால், பயணத்துக்குப் பத்து நாள் முன் வீட்டிலேயே ஒரு தடவை போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். விமானத்தில் முதல் தடவையாகப் போடும் மாத்திரை என்று எதுவும் இருக்கக் கூடாது. எடுத்துப் போகும் மாத்திரை எல்லாம் அட்டையோடு, சீட்டோடு, கைப்பையில்.

இன்னொன்று, காபி. வியட்நாமில் விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா. அராபிகாவைவிடக் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த வடிகட்டிக் காபி கெட்டியான பாலோடு இனிப்பாக இருப்பதால் வீரியம் தெரியாது. நம் ஃபில்டர் காபி பழக்கத்தில் காலையில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, பதினொரு மணிக்குக் கை நடுங்கினால், பயம் திரும்ப வந்துவிட்டது என்று தோன்றும். முதல் மூன்று நாள் ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் சாப்பிட்ட பிறகு.

முதல் நாள் சாயங்காலம் "எதற்கு வந்தோம்" என்று ஒரு நினைப்பு வரும். பசியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் நிச்சயம் வரும். சாப்பிட்டு, குளித்து, ஒரு ராத்திரி தூங்கும் வரை எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று இப்போதே எழுதி வையுங்கள்.

பர்மாபஜார்:
காசு விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இதில்தான் முதல் நாள் தடுமாற்றம் அதிகம்.

வியட்நாம் தாள்களில் 20,000மும் 500,000மும் இரண்டுமே நீலம். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் ஹோ சி மின் முகம். ஒன்றின் மதிப்பு மற்றதைப் போல 25 மடங்கு. தேங்காய்க்கு 20,000 என்று நினைத்து 500,000 கொடுத்தால் நம் காசில் ஆயிரத்து அறுநூறுக்கு மேல். அடையாளம் இப்படி: இந்த இரண்டு தாளும் உயரத்தில் ஒன்றுதான், 65 மில்லிமீட்டர். நீளம்தான் மாறும். 20,000 தாள் 136 மில்லிமீட்டர், 500,000 தாள் 152. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 20,000 தாளின் பின்பக்கம் ஹோய் ஆனில் இருக்கும் கூரை போட்ட ஜப்பானியப் பாலம், நீங்கள் நேரிலேயே பார்க்கப் போகிறீர்கள். 500,000 தாளில் மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. பர்ஸில் இரண்டையும் ஒரே மடிப்பில் வைக்காதீர்கள். ஐந்து லட்சமும் இரண்டு லட்சமும் உள் பையில், ஒரு லட்சமும் அதற்குக் கீழும் வெளியே.

கணக்குப் போட: கடைசி மூன்று சைபரை எடுத்துவிட்டு, மூன்றால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 80,000 என்றால் 80, மூன்றால் 240, கூட 24, ஆக 264 ரூபாய். துல்லியம் கிடையாது, சந்தையில் போதும். பேச்சில் "ஆயிரம்" என்பதை விட்டுவிடுவார்கள், ஐம்பது என்றால் 50,000.

கார்டு. 2020லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டு ஏடிஎம், வெளிநாட்டுக் கடை இரண்டையும் நாமே திறந்து வரம்பு போட வேண்டும். அங்கே இயந்திரம் "நிராகரிக்கப்பட்டது" என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், அந்த இயந்திரத்தின் ஒரு தடவை வரம்பைவிட அதிகமாகக் கேட்பது. பல இயந்திரங்கள் 20 லட்சம், 30 லட்சம் டாங்குக்கு மேல் தராது. தொகையைக் குறைத்துக் கேளுங்கள். "ரூபாயில் மாற்றித் தரவா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். இரண்டு வேறு வங்கிக் கார்டு, இரண்டு வேறு பையில். அதோடு 200 டாலர் ரொக்கம், கிழிசலோ பேனாக் கோடோ இல்லாத தாளாக. மடிப்புக் கறுத்த தாளை அங்கே தள்ளிவிடுவார்கள். மாற்றுவது வங்கியிலோ அனுமதி உள்ள இடத்திலோ மட்டும்.

ஓடிபி மறக்காதீர்கள். இந்திய சிம்மில் ரோமிங் திறந்திருந்தால்தான் வங்கி எஸ்எம்எஸ் வரும். அங்கே டேட்டாவுக்கு இசிம், அதாவது போனுக்குள்ளேயே ஏற்றும் அட்டையில்லாத சிம், போட்டு, நம் சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். கிராப் ஆப்பை இங்கேயே இறக்கி, உங்கள் எண்ணில் பதிந்து முடித்துவிடுங்கள். அங்கே போய் ஓடிபிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மீட்டர்கேஜ்:
ரயில் பற்றி யாரும் பேசவில்லையே. ஹனோய்–சைகோன் பாதை 1,726 கிலோமீட்டர், 1936இல் முழுதாக முடிந்தது, வியட்நாம் வடக்கு தெற்காகப் பிரிந்தபோது துண்டுபட்டு 1976இல் மறுபடி ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தெற்கே அகலப்பாதை வருவதற்கு முன் ஓடிய அதே 1,000 மில்லிமீட்டர்தான், ஆகவே ஆட்டம் இருக்கும், வேகம் இருக்காது. பதற்றம் உள்ளவருக்கு இது நல்ல பாதை என்பேன். ஒரே கோடு, ஊர்கள் வரிசையாக, வழி தவறுவதற்கு இடமே இல்லை.

இந்தப் பாதையில் ஓடும் எஸ்இ என்ற விரைவு வண்டிகளில் ஒற்றைப்படை எண் தெற்கே போவது, இரட்டைப்படை வடக்கே வருவது. உங்களுக்கு வேண்டியது எஸ்இ1, எஸ்இ3 மாதிரி. படுக்கை இரண்டு வகை: ஆறு பேர் அறை, நான்கு பேர் அறை. நான்கு பேர் அறையில் கீழ்ப் படுக்கை எடுங்கள். ஆறு பேர் அறையின் மேல் படுக்கையில் எழுந்து உட்கார முடியாது, தலை கூரையில் இடிக்கும். ஆண் பெண் கலந்துதான் ஒதுக்குவார்கள், கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு. பெட்டி கீழ்ப் படுக்கைக்கு அடியில், பாஸ்போர்ட் பை தலையணைக்குள்.

நின் பின் ஹனோயிலிருந்து 115 கிலோமீட்டர், பகல் வண்டியில் இரண்டேகால் மணி நேரம். அங்கே இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, இரவு வண்டியில் ஹுயே. நின் பின்னில் வண்டி சில நிமிடம்தான் நிற்கும். பத்து நிமிடம் முன்னாலேயே பிளாட்பாரத்தில் இருந்து, பெட்டி எண் எங்கே வரும் என்று ஊழியரிடம் டிக்கெட்டைக் காட்டிக் கேளுங்கள். இறங்கும் ஊருக்கு அறிவிப்பு வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வைத்தால், நீலப் புள்ளி எங்கே நகர்கிறது என்று தெரியும்.

ஹுயேயிலிருந்து டா நாங் 103 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஹாய் வான் கணவாய் வழியாகக் கடலை ஒட்டி மலையில் ஏறும். பகல் வண்டி, இடது பக்க ஜன்னல். ஹோய் ஆனுக்கு ரயில் நிலையம் இல்லை, டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் காரில். டா நாங்கிலிருந்து சைகோன் இன்னும் 935 கிலோமீட்டர். அதை விமானத்தில் போங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

ஊர்சுற்றி_திருச்சி:
ஸ்லீப்பர் பஸ் இதைவிட மலிவு, ஹோட்டல் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்வார்கள். ரயில்தான் என்று அடம் பிடிக்க வேண்டாம். ஏறும்போது செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் தருவார்கள், அவ்வளவுதான் விசித்திரம். டா நாங்கில் ஒரு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் ஹாய் வான் கணவாயை நிதானமாகப் பார்க்கலாம். சர்வதேச லைசென்ஸ் ஆர்டிஓவில் எளிதாகக் கிடைக்கும்.

மீட்டர்கேஜ்:
பஸ் மலிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி பஸ் பல சமயம் விடிகாலை நான்கு மணிக்கே கொண்டுபோய் இறக்கிவிடும். ஊர் பூட்டிக் கிடக்கும். முதல் தடவை, தனியாக, பதற்றத்தோடு போகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம் தேவையா? கழிப்பறை இல்லாத பஸ்களும் நிறைய. ரயிலில் எழுந்து நடக்கலாம்.

தெற்குச்சீமை:
ஸ்கூட்டர் விஷயத்தில் தம்பி சொல்வதைக் கேட்க வேண்டாம். இந்தியாவில் தரும் சர்வதேச லைசென்ஸ் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி தருவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி தருவதை. கடைக்காரன் லைசென்ஸ் கேட்காமலே வண்டியைத் தருவான், அதனால் சட்டப்படி சரி என்று நினைத்துவிடுகிறார்கள். விபத்து நடந்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் கணக்கு, காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். எலும்பு முறிவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நம் தலையில். கணவாயைப் பார்க்க ரயில் இருக்கிறது. இல்லாவிட்டால் ஓட்டுநரோடு பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு ஹுயேயிலும் ஹோய் ஆனிலும் எல்லா ஹோட்டலிலும் செய்து தருவார்கள்.

ஊர்சுற்றி_திருச்சி:
ஒப்பந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. சரிதான், ஸ்கூட்டர் யோசனையை விட்டுவிடுங்கள்.

இலைச்சோறு:
சைவம் என்பதால் சொல்கிறேன். தெரிய வேண்டிய சொல் "சாய்". கடைப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் பௌத்த சைவக் கடை, கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். முட்டை, பால்கூடப் பெரும்பாலும் இருக்காது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது ஏறத்தாழ நம் அமாவாசை பௌர்ணமியில், அங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள். ஆகவே இந்தப் பழக்கம் அவர்களுக்குப் புரியாதது இல்லை.

சிக்கல் சாதாரணக் கடையில்தான். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, எலும்பு வேகவைத்த சாற்றையே ஊற்றித் தருவார்கள். ஃபோ நூடுல்ஸின் உயிரே அந்தச் சாறுதான். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு, நுக் மாம், விழும். நாம் பெருங்காயம் போடுவது போல அவர்களுக்கு அது கை பழகிய விஷயம். ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். "நான் சைவம் சாப்பிடுகிறேன். இறைச்சி, மீன், மீன் சாறு, எலும்புச் சாறு, இறால் எதுவும் வேண்டாம்" என்று வியட்நாமிய எழுத்தில் ஒரு அட்டை அச்சடித்து வையுங்கள். வாயால் சொல்ல முயன்றால் ஏற்ற இறக்கம் மாறி வேறு அர்த்தம் வரும். பான் மீ ரொட்டியில் ஈரல் விழுது தடவும் வழக்கம் உண்டு, அதையும் அட்டையில் சேர்க்கவும்.

முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கையில் ஏதாவது இருக்கட்டும்: சத்துமாவு, வேர்க்கடலை உருண்டை, புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா. அறையில் பெரும்பாலும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது.

கிழக்குவாசல்:
தெருவில் இறங்கியதும் மிரள வைப்பது சாலை. ஹனோய் பழைய நகரத்தில் பைக் ஓட்டம் நிற்காது, நின்றபின் கடக்கலாம் என்று காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். மெதுவாக, ஒரே வேகத்தில், ஒரே நேர்கோட்டில் நடக்க வேண்டும். பைக்காரர் உங்கள் வேகத்தைக் கணித்துப் பின்னாலோ முன்னாலோ வளைந்து போவார். நடுவில் ஓடினாலோ, பயந்து ஒரு அடி பின்னால் வைத்தாலோ அவர் கணக்குத் தப்பும், அடி படுவது அப்போதுதான். காருக்கும் பஸ்ஸுக்கும் இந்த விதி பொருந்தாது, அவை வளையாது. அவற்றை விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். மதுரையில் கீழவாசல் சாலையைக் கடக்கிறவருக்கு ஒரு நாளில் பழகிவிடும்.

முகவரியில் 45/12 என்று சாய்கோடு இருந்தால், பெரிய தெருவில் 45ஆம் எண்ணுக்கருகே ஒரு சந்து பிரியும், அதற்குள் 12ஆம் வீடு என்று அர்த்தம். இது தெரியாமல் பெரிய தெருவில் 12ஐத் தேடித் திரிபவர்கள் அநேகம். பழைய நகரத்தில் ஒரே தெருவுக்கு நாலு கட்டடம் தள்ளிப் பெயர் மாறும். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஹோட்டலும் இருக்கும், பெயரை நம்பாமல் கதவு எண்ணைப் பாருங்கள்.

சைகோனில் போனைப் பார்க்க வேண்டுமானால் கடைக்குள் ஏறி நின்று பாருங்கள். நடைபாதை ஓரத்தில் சாலைப் பக்கக் கையில் பிடித்தால் பைக்கில் வந்து பறித்துப் போவது உண்டு. பையின் வாரை உடம்புக்குக் குறுக்கே போட்டு, பை சுவர்ப் பக்கம்.

மார்ச்சில் ஹனோய் குளிர் விட்டிருக்கும், ஆனால் தூறலும் ஈரமும் நசநசப்பும். ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். சைகோன் நம் சித்திரை வெயில். பிளக் விஷயம்: நம் இரண்டு முள் உருண்டை பிளக் நுழையும், மூன்று முள் நுழையாது.

வைகைக்கரை:
இருபத்து மூன்று கேள்வி எழுதினேன், பதினெட்டுக்கு இந்த இழையிலேயே பதில் வந்துவிட்டது. மிச்சத்தில் பெரியது அம்மாவின் பயம். தினமும் நாலு தடவை பேசணும் என்கிறார்கள். அப்புறம், போகும் முன் எதையாவது பழகிப் பார்க்க முடியுமா?

மருந்துச்சீட்டு:
நாலு தடவை என்று ஒப்புக்கொண்டால், ஒரு தடவை தவறினாலே வீட்டில் ரணகளம், அந்தப் பதற்றம் உங்களுக்கும் வந்து சேரும். அங்கே நேரம் ஒன்றரை மணி முன்னால். உங்கள் இரவு 9 மணிக்கு, நம் ஊரில் ஏழரை, ஒரு பேச்சு. காலையில் "எழுந்தாச்சு" என்று ஒரு வரி. தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: இரவு செய்தி வராவிட்டால் மறுநாள் காலை வரை பொறுப்பது, அப்போதும் இல்லை என்றால் அந்த ஊர் ஹோட்டல் எண், அதன்பின் ஹனோய் இந்தியத் தூதரகம், சைகோனில் என்றால் அங்குள்ள துணைத் தூதரகம். எண்களோடு ஒரு தாளை அம்மா கையில் கொடுங்கள், குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டட்டும். ரயில் ராத்திரியைத் தனியாகக் குறித்துவிடுங்கள், அன்று சிக்னல் விட்டுவிட்டு வரும்.

தெற்குச்சீமை:
பழகுவதற்கு: ஒரு சனி ஞாயிறு, பாஷை தெரியாத பக்கத்து ஊர். ஹூப்ளி, விஜயவாடா, எதுவானாலும். தெரிந்தவர் வீடு கூடாது. அதே பை, அதே செருப்பு, அதே கார்டு, இசிம் தவிர மற்ற எல்லாம் அங்கே போகப் போகிறபடியே. தனியாக ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடணும், போனைப் பார்க்காமல். பை எடை அங்கேதான் தெரியும். ஏழெட்டு கிலோவுக்கு மேல் இருந்தால் ரயில் படியில் ஏற்றும்போது தோள் சொல்லிவிடும், திரும்பி வந்து பாதியை எடுத்துப்போடுங்கள்.

கணினியில் கூகுள் வரைபடத்தின் தெருப் படத்தை (ஸ்ட்ரீட் வியூ) திறந்து, உங்கள் ஹோட்டல் வாசலிலிருந்து ஹொவான் கியெம் ஏரி வரை இரண்டு தடவை நடந்து பாருங்கள். எந்த மூலையில் திரும்புவது, எங்கே ஏடிஎம், எங்கே சைவக் கடை. 5ஆம் தேதி பகலுக்கு அது ஒன்றுதான் திட்டம்: பத்து மணி வரை தூக்கம், சாப்பாடு, ஏரியை ஒரு சுற்று, திரும்பி அறை. வேறு எதுவும் வைக்காதீர்கள். நின் பின் வரை உள்ள அறைகளை மட்டும் இப்போது போடுங்கள். ஹோய் ஆனில் இரண்டு நாளா மூன்றா என்பதை அங்கே போய் முடிவு செய்யலாம். சைகோன் விமானம் மட்டும் முன்பே எடுக்க வேண்டும்.

மீட்டர்கேஜ்:
ஹுயே இரவு வண்டியும் முன்பே எடுக்க வேண்டியதுதான், கீழ்ப் படுக்கை முதலில் தீர்ந்துவிடும். சைகோன் விமானம் இறங்கும் முனையத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே உள்நாட்டுக்கு இப்போது இரண்டு முனையம், 2025இல் திறந்த மூன்றாம் முனையமும் சேர்த்து. ஊர் திரும்பும் பன்னாட்டு விமானம் கிளம்புவது இரண்டாம் முனையத்திலிருந்து.

வைகைக்கரை:
குறித்துக்கொண்டேன் அண்ணா. கடைசி நாள் சைகோனில் பகல் முழுக்க இருக்கிறது, விமானம் ராத்திரிதான். மிச்ச டாங்கை இங்கே வந்து மாற்றலாமா?

பர்மாபஜார்:
வேண்டாம். நம் ஊரில் டாங் வாங்குவோர் அரிது, வாங்கினாலும் அடிமாட்டு விலை. அங்கேயே விமான நிலைய வங்கிக் கவுன்டரில் டாலராக மாற்றிவிடுங்கள், முதலில் மாற்றியபோது தந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், கேட்கலாம். ஹோட்டல் கணக்கைக் கடைசி நாள் ரொக்கத்தில் கட்டினால் மிச்சமே பெரிதாக இருக்காது.

பகலுக்கு: ட்ருவோங் டின் தெருவில் 45ஆம் எண், மாரியம்மன் கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. இப்போது கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள்தான், கை நிறைய ஊதுவத்தியோடு. பென் தான் சந்தையிலிருந்து நடந்தே போகலாம். டோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அறையைக் காலி செய்யும்போது பெட்டியை ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போங்கள், சீட்டு வாங்கிக்கொண்டு. ராத்திரி விமானத்துக்கு நாலு மணி நேரம் முன் கிளம்புங்கள், சாயங்கால நெரிசலில் ஏழெட்டு கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும்.